ஒருசந்தி

கடல் வீட்டை வாரிக்கொண்டு போனதிலிருந்து அஞ்சம்மாளும் அவள் பிள்ளைகள் இரண்டும் உப்பளக் கூலி ரெஜினாவின் குடிசையில்தான் இருந்தார்கள். உப்பளத்திலும் கடல் புகுந்து வேலை நின்றிருந்தது.

சாயங்காலமானால் ரெஜினா மூன்று தட்டில் மட்டும் கஞ்சி ஊற்றுவாள்.

"நீங்க சாப்புடலியா?"

"எங்களுக்குத் தவக்காலம்க்கா. எல்லாரும் ஒருசந்தி. ஒரு வேளதான்."

ரெஜினாவின் புருஷனும் மகளும் சோர்ந்துபோய்த் தலையாட்டுவார்கள். ரொம்பக் கண்டிப்பான சாமி போல என்று நினைத்துக்கொள்வாள் அஞ்சம்மாள்.

அன்று சர்ச் வாசலில் ஃபாதரையே கேட்டுவிட்டாள்.

"இந்த ஒருசந்தி எப்ப சாமி முடியும்? ரெஜினா பொண்ணு துரும்பா எளச்சிடுச்சு."

"ஈஸ்டரோட முடிஞ்சிடுச்சேம்மா. ஒரு மாசம் ஆவுது."

சாயங்காலம் அதே மூன்று தட்டு. அஞ்சம்மாள் தன் தட்டை ரெஜினாவின் மகள் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சாப்புடு கண்ணு. இன்னிக்கி நான் ஒருசந்தி."