பூ கிள்ளுற மாப்பிள்ளை

"ரெண்டு வருஷம் கழிச்சு கல்யாணமாம்! இன்னா கொழுப்பு பார்த்தியா?"

தரகரிடம் பேசி முடித்த போனைக் கட்டிலில் வீசினார் சுப்பராயலு.

"நல்ல இடங்க. கொஞ்சம் பொறுத்துத்தான் பார்ப்போமே" என்றாள் மனைவி ஜெயம்மாள்.

"இன்னாத்த பொறுக்கிறது? வைகாசியில முகூர்த்தம்னு திண்டிவனம் பூரா சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணப் பார்த்து, பஜ்ஜி தின்னு, புடிச்சிருக்குன்னும் சொல்லிட்டு, இப்ப தள்ளிப் போடுன்னா இன்னா அர்த்தம்? குடியோ, வேற பொண்ணோ, யாரு கண்டது?"

"நேர்ல போய் கேளுங்களேன்."

"சொல்லாம கொள்ளாம போய் நிக்கிறேன். அப்பத்தான் வண்டவாளம் தெரியும்."

மறுநாள் காலையிலேயே விழுப்புரம் பஸ் ஏறிவிட்டார்.

மாப்பிள்ளை தேவாவின் மாந்தோப்பு ஊருக்கு வெளியே இருந்தது. வரப்பில் ஏறியதும் மனுஷனுக்குத் திக்கென்றது. நெஞ்சளவு உயர ஒட்டுமாங்கன்றுகள். கன்று கொள்ளாத பூ. அத்தனை பூங்கொத்தையும் ஒவ்வொன்றாக ஒடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான் தேவா.

"அடப்பாவி! இன்னா தம்பி பண்ற?"

"வாங்க மாமா! ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே."

"அத்த வுடு. பூத்த மரத்துல கை வெக்கிறியே, உருப்படுமா?"

"மூணு வருஷக் கன்னு மாமா. இப்பவே காய்க்க வுட்டா சத்தெல்லாம் காய்க்குப் போயிடும். கிளை தேறாது."

"இன்னாய்யா, ஒண்ணுத்துக்கும் நடு உச்சியக் காணோம்?"

"நட்ட வருஷமே இடுப்பளவுல வெட்டி வுட்டேன். நாலு பக்கம் நாலு கிளை நல்லதா வெச்சிக்கினு மிச்சத்தை எடுத்துட்டேன். உள்ள வெயில் படணும், காத்து பூரணும் பாருங்க. கன்னுலன்னா நகத்தால கிள்ளுனா போதும். வுட்டுட்டா கோடாலி தேடணும்."

பக்கத்துத் தோப்பைக் கைகாட்டினான். அங்கே ஒரு மரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"அது ரெண்டாம் வருஷமே காய்ச்சுது. ஊரே வந்து பார்த்துச்சு. கார்த்திகைப் புயல்ல, கிளை பிரியுற கவையோட போச்சு."

சுப்பராயலுவுக்கு ஏறவில்லை. அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. விளைச்சல் மண்ணில் கிடந்தால் வயிறு எரியும் அவருக்கு.

"தோப்புக் கதை கெடக்கட்டும். கல்யாணத்த ஏன் தள்ளுற? பட்டுனு சொல்லு."

"எனக்குக் கொஞ்சம் டைம் வேணும் மாமா."

"எதுக்கு?"

தேவா கையில் ஒட்டியிருந்த மாம்பாலைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

சரிதான், ஏதோ வில்லங்கம் இருக்கிறது! இளநீர் வெட்டுகிறேன் என்றவனை ஏறெடுத்தும் பார்க்காமல் கிளம்பிவிட்டார். மண்டி வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

"இந்த இடம் வேணாம் ஜெயா! பூத்த கன்னையே பிச்சிப் போடுறான். கேட்டா, சின்னதுல காய்க்க வுட்டா தாங்காதாம், மொதல்ல அது தேறி நிக்கணுமாம். மரத்துக்கு மட்டும் நல்லா நியாயம் பேசுறான். கல்யாணத்த ஏன் தள்ளுறன்னா வாயில கொழுக்கட்டை! வேற மாப்பிள்ளை பார்த்து வைகாசியிலயே முடிக்கிறேன்."

விழுப்புரம் நர்சிங் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் கலைமதி அப்போதுதான் ரயிலை விட்டு இறங்கி வந்திருந்தாள். தோள் பையைக்கூடக் கழற்றவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அவரைத் திட்டாதீங்கப்பா. தள்ளிப் போடச் சொன்னது நான்."

"நீயா?"

"பொண்ணு பார்க்க வந்தப்ப அஞ்சு நிமிஷம் பேச வுட்டீங்களே, அப்பத்தான் சொன்னேன். படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. உங்களாண்ட கேட்டா, கல்யாணம் பண்ணிக்கினே படின்னுவீங்க. அக்காவுக்கும் அதைத்தான் சொன்னீங்க. அக்கா புத்தகமெல்லாம் பரண் மேல கெடக்குதுன்னு அவராண்ட சொல்லி அழுதுட்டேன்பா."

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

"நீங்க கேட்டா உங்களைத்தான் திட்டுவாங்க, நான் கேட்டதாவே இருக்கட்டும்னாரு."

சுப்பராயலு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜெயம்மாள் கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மகளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஜெயா, தரகருக்கு போன் போடு. இந்த இடமே முடிவு. கல்யாணம் ரெண்டு வருஷம் கழிச்சு."

"ஊர்ல கேப்பாங்களே. மாப்பிள்ளை தள்ளச் சொன்னாருன்னு சொல்லிடட்டுமா?"

"அவரு பேரை எதுக்கு இழுக்கிற? பொண்ணைப் பெத்தவன்தான் தள்ளச் சொன்னான்னு சொல்லு."