நாக்கை நீட்டுங்க!

சிரிக்க வைக்கிறேன், சத்தியமாக. ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள். உறைகளை ஒட்டி முடிக்கும்வரை பொறுங்கள்.

அத்தை கேக் கடை திறக்கப்போகிறாள். சாப்பாட்டு மேசை முழுக்க அழைப்பிதழும் உறையும்.

உறை ஒட்டுவதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அப்பா செலோடேப். அம்மா ஈரத்துணி. அத்தை நாக்கு.

"டேப் ஒட்டினா பார்சல் மாதிரி இருக்கும் அண்ணா. தண்ணி தொட்டா தாள் சுருங்கிடும் அண்ணி. நாக்குக்குத்தான் அளவு தெரியும். எல்லாரும் நாக்கை நீட்டுங்க!"

இதை அத்தையின் கீச்சுக் குரலில் அச்சு அசலாகச் சொல்வேன். அப்பாவின் கனைப்பு, அம்மாவின் பெருமூச்சு, எதிர்வீட்டுக் கதவின் கிரீச், எல்லாமே கைவசம்.

புதுச் சரக்கு, அம்மாவின் பூனை நடை. அத்தை க்ரீமைக் கலக்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அம்மா பதுங்கிப் போய் ஒரு கரண்டி நக்குவாள். எதையோ சேர்த்துக் கிளறிவிட்டு வருவாள். போதாததற்கு, "தினமும் கடைக்கு வந்து கூடமாட ஒத்தாசை பண்றேன்" என்று வேறு. ஓசி கேக்குக்கு என்னமாய் அலைகிறாள்! நடித்துக் காட்டினேன். அப்பா சிரிக்கவே இல்லை. ரசனை கெட்ட மனிதர்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அத்தை காய்ச்சலில் கிடந்தபோது வாங்கிய மாத்திரை மிச்சமிருந்தது. நாக்கில் பட்டால் குடல்வரை கசக்கும் ரகம். அதை நுணுக்கி, எல்லா உறைகளின் பசை மேலும் முன்கூட்டியே தேய்த்து வைத்துவிட்டேன்.

அத்தை முதல் உறையை எடுத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நக்கினாள். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

"அடுத்ததைக் குடு."

அவ்வளவுதான்!

அப்பா நக்கினார். பாதியில் நின்றார். அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மீதியையும் நக்கினார். "ம்... நல்லா ஒட்டுது."

அம்மாவும் நக்கினாள். "ஆமா, சுருங்கவே இல்ல."

போச்சு, மாத்திரை காலாவதி! சந்தேகத்தில் நானே ஒன்றை எடுத்து நக்கினேன்.

"த்தூ! ஐயோ, கசக்குது!"

இத்தனை குரல் தெரிந்தும் அவசரத்துக்குச் சொந்தக் குரல்தான் வந்தது. மேசைக்கடியில் அப்பாவின் கால் என் கால் மேல் ஏறியது. அம்மாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"கசக்குதா?" அத்தை கையிலிருந்த உறையை இன்னொரு தடவை நக்கினாள். "எனக்கு ஒண்ணும்..." சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

காய்ச்சல் போகும்போது அத்தையின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறது. கேக் கடைக்காரி அதை யாரிடம் சொல்வாள்? அம்மா கரண்டியோடு பதுங்கியது அதற்குத்தான். இப்போதுகூட அப்பாவும் அம்மாவும் வாயில் விஷம் மாதிரிக் கசப்பை வைத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வீட்டில் நான் ஒருத்திதான் நடிகை என்று நினைத்திருந்தேன்!

"சும்மா நடிச்சேன் அத்தை. பயந்துட்டீங்களா?"

சாவகாசமாக அடுத்த உறையை நக்கினேன். சப்புக்கொட்டி வேறு காட்டினேன்.

"எரும!" கீச்சுக் குரலும் முகத்தில் ரத்தமும் திரும்பி வந்தன. "ஒரு நிமிஷம் என் உசுரே போயிடுச்சு. ஒழுங்கா ஒட்டுடி."

அப்பா கனைத்தார். தன் பங்கு, அம்மா பங்கு, அத்தை பங்கு, எல்லாவற்றையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

"இவ எவ்வளவு அழகா ஒட்டுறா பாரு. மிச்சத்தை இவளே முடிக்கட்டும்."

இப்போது நீங்கள் சிரிக்கலாம். என்னால் முடியாது. நாக்கு வெளியே இருக்கிறது.