இறங்காதவள்

தங்கை உயரம் தாண்டும் வீராங்கனை. கடைசிப் போட்டியில் தாண்டி விழுந்தபோது முழங்கால் போய்விட்டது. ஓர் உடல் எழும்புவதை மட்டும் மெதுவாகக் காட்டினால் அது சினிமாவாகுமா என்று பார்க்க, சினிமாக்காரனான அண்ணன் அந்தத் தாண்டலைப் பிலிமில் எடுத்திருந்தான். அவள் பார்க்க மறுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மதியம் அவளே வந்து, “போடுண்ணா, பாத்துத் தொலைக்கிறேன்” என்றாள்.

அண்ணன் புரொஜெக்டரை ஓடவிட்டான். சுவரில் அவள் ஓடி வந்தாள், எழும்பினாள், முதுகை வளைத்துக் கம்பியைக் கடந்தாள். விழுவதற்குள் நிறுத்திவிட அண்ணன் கையை நீட்டினான். அவள் விழவில்லை. ரீல் தீர்ந்து வெறும் சக்கரம் சுற்றியது. சுவரில் அவள் அந்தரத்திலேயே இருந்தாள்.

“விழுந்ததை வெட்டிட்டியா?”

“நான் கையே வைக்கலம்மா. நேத்துகூட இருந்துச்சு.”

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “விடு. சுகமாத்தான் இருக்கா.”

டீ போட்டு வந்தாள். இருவரும் பார்த்தபடியே குடித்தார்கள். படத்தில் வெயில் இறங்கியது. பார்வையாளர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். நடுவர்களும் போனார்கள். அவளுடைய தலைமுடி மட்டும் காற்றில் அசைந்தது.

அண்ணன் புரொஜெக்டர் விளக்கை அணைக்கப் போனான்.

“நாளைக்கும் போடுண்ணா” என்றாள் தங்கை. “தனியா இருப்பா.”