நாற்பதாவது கூண்டு

சாலையோர மரக்கன்றுகளைக் காக்க நாற்பது இரும்புக் கூண்டுகள் வைத்திருந்தார்கள். கடைசிக் கூண்டுக்குள் இருந்த பூவரசங்கன்று சித்திரை வெயிலில் கருகிப் போனது. கூண்டு மட்டும் விறைப்பாக நின்றது. அதன் நெற்றியில் நன்கொடை கொடுத்தவரின் பெயர் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது.

மழை பெய்ததும் கூண்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வேப்பங்கன்று ஒன்று தானாக முளைத்தது.

"அண்ணே, உள்ளே காலியாத்தானே இருக்கு? இங்கே ஆடு மேயுது. காத்துல ஆடுறப்போ அப்படியே என் பக்கமாச் சாஞ்சு என்னையும் உள்ளே சேர்த்துக்கங்களேன்" என்று கெஞ்சியது வேம்பு.

"அதெப்படி? இது பூவரசுக்கு ஒதுக்கின இடம். உன்னை யாரு நட்டது?"

"ஒரு காக்கா போட்டுட்டுப் போச்சுண்ணே."

"காக்கா எங்க திட்டத்துலயே இல்லையே!" என்றது கூண்டு.

அந்த நேரம் வட்டாரப் பசுமை ஆய்வுக்காக இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். வண்டியை நிறுத்தாமலே கூண்டுகளை எண்ணினார்கள்.

"நாற்பதும் நல்லா இருக்கு, எழுதிக்கய்யா" என்றார் ஓட்டியவர். பின்னால் இருந்தவர் எழுதிக்கொண்டார்.

கூண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் ஆடு வந்தது. வேப்பங்கன்றை வேரோடு பிடுங்கி நிதானமாக மென்றது. பிறகு, வாயில் ஒரு வேப்பிலை தொங்க, கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தது.

"ஏய், தள்ளி நில்லு!" என்று அதட்டியது கூண்டு. "நான் காவலுக்கு நின்ன நாள்லருந்து ஒரு இலைகூட ஆடு வாயில போனதில்லை, தெரியும்ல?"