போட ஆளில்லை

மூன்று கட்சி நோட்டீஸ்களையும் ஒன்றாகக் கசக்கி, ரயில் ஜன்னல் வழியே எறியக் கையை ஓங்கினார் குணசேகர். எதிர் சீட்டில் இருந்த ஷெர்வின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், இன்னாடா இது? காலங்காத்தால யார் மேல கோவம்?"

"யாருக்குப் போடறதுன்னே தெரியலடா. ஒரு மாசமா மண்டை காயுது."

இருவரும் தங்கவயலில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். குணசேகர் இப்போது பொம்மனஹள்ளியில் லிஃப்ட் மெக்கானிக். ஷெர்வின் ஈஜிபுராவில் குடியிருந்துகொண்டு ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறார். பிழைப்பு பெங்களூரில் என்றாலும் இரண்டு பேருக்கும் ஓட்டு ஊரில்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, தேர்தல் அன்றைக்கு, ஊருக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலில்தான் சந்திப்பே. ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, ஆனாலும் ரயிலேறினால் 'டா'தான்.

"ஓட்டை பொம்மனஹள்ளிக்கு மாத்திக்கோன்னு போன தடவையே சொன்னேன்ல?"

"அப்பா விடணுமே! லிஸ்ட்ல பேரு போச்சுன்னா லைன் வீடும் போயிடும்னு ஒரே அழுகை. உங்க வீட்ல எப்படி?"

"அதே கதைதான்."

சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகியும், அப்பாக்கள் வேலை பார்த்தபோது கொடுத்த அந்த வீடுகள் இவர்கள் பேருக்கு வந்தபாடில்லை. அதனால் ஷெர்வின் சுலபமான வழியைச் சொன்னார்.

"அப்ப பட்டா தர்றேன்னு சொல்றவனுக்குப் போடு. முடிஞ்சுது."

"போட்டிருப்பேன்டா. போன மாசம் நம்ம லைன்ல பிரிஜெட் அக்கா வீட்டு ஜெபக் கூட்டத்துல பூந்து ரகளை பண்ணது யாரு? அவன் ஆளுங்கதானே? அவன்கிட்ட பட்டா வாங்கிக்கினு அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"சரி, பழைய கட்சி. அவங்க வம்பு தும்புக்கே வர மாட்டாங்க."

"எதுக்குமே வர மாட்டாங்க!"

ஷெர்வின் கசங்கிய நோட்டீஸ்களில் ஒன்றைப் பிரித்து நீவினார். "இந்த ஆளைப் பாரு. தமிழன். நம்மாளுடா."

"கன்னடக்காரங்களைத் திட்றதை விட்டா வேற இன்னா பேசறான்? எனக்குச் சோறு போடற முதலாளி கன்னடம். எம்பொண்ணு சிந்து கட்டிக்கப் போறது மண்டியா பையனை. இவனுக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்து மாப்பிள்ளையை வாங்கன்னு கூப்பிட எனக்கு நாக்கு வருமா?"

ஷெர்வின் சிரித்துவிட்டார். குணசேகருக்குச் சிரிப்பு வரவில்லை. இருப்பது ஒரே ஒரு ஓட்டு, அதை மனசுக்குப் பிடித்த ஒருவனுக்குப் போடக்கூட வக்கில்லையே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது.

போன் அடித்தது. சிந்து. அவள் கத்திய கத்தலில் ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"அப்பா, நானும் அம்மாவும் முதல் ஆளாப் போயிப் போட்டுட்டோம். நீங்க எங்க கீறீங்க? இங்க ஸ்கூல் வாசல்ல எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

"மத்தியானத்துக்குள்ள வந்துடறேம்மா."

"பார்றா," என்றார் ஷெர்வின். "அவங்க ரெண்டு பேரும் ஜம்முனு போட்டுட்டாங்க. நீதான் உக்காந்து பொலம்பறே."

"அவங்களுக்கு இன்னா கவலை? அவங்க ஓட்டு பொம்மனஹள்ளில. அங்க போடறதுக்கு ஒருத்தன் கீறான்."

"நல்லவனா?"

"பரவால்ல. ஆனா ஜெயிக்க மாட்டான்."

மாரிகுப்பத்தில் இறங்கி, வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. வரிசையில் ஷெர்வினை முன்னால் விட்ட குணசேகர், அப்புறம் பின்னால் இருந்தவர்களையும் ஒவ்வொருவராக முன்னால் விட்டார். "பேக ஹோகி சார்," என்று வாசலில் நின்ற பெண் போலீஸ் கன்னடத்தில் சீக்கிரம் போகச் சொல்லி விரட்டியதும் வரிசையை விட்டே விலகி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

விரலில் மையோடு வெளியே வந்த ஷெர்வினுக்கு அவரைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் போடலியா நீ? போய் நோட்டாவையாவது அமுக்கிட்டு வந்து தொலைடா!"

"ரெண்டு மணி நேரம் ரயில்ல வந்து, யாரும் வேணாம்னு சொல்லிட்டுப் போகவா? அதுக்கு நான் வீட்லயே படுத்துங்கெடப்பேனே."

அவ்வளவுதான். காலையிலிருந்து கட்டிக்காத்த பொறுமையெல்லாம் ஷெர்வினிடமிருந்து போய்விட்டது.

"இவன் ஆகாது, அவன் ஆகாது, நோட்டாவும் ஆகாது! உன்ன மாதிரி ஆளுங்களுக்கு வெளிய நின்னுக்கினு குறை சொல்ல மட்டும்தான்டா தெரியும். ஒருத்தனும் சரியில்லன்னா நீயே எலக்ஷன்ல நிக்க வேண்டியதுதானே?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. குணசேகருக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"நின்னாச்சுடா! பொம்மனஹள்ளி மெஷின்ல பதினாலாவது பேரு என்னுதுதான்."