திறக்கக் கூடாத ஜன்னல்

"யாரது ஜன்னலைத் திறந்தது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பீரோட்டிலிருந்து நீஷுக்குப் போகிற காலை பஸ். வெளியே ஜனவரிப் பனி. உள்ளே ஒருத்தி மட்டும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஒரு சாண் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி, கழுத்து எல்லாம் வியர்வை.

"நான்தாங்க. ரெண்டே நிமிஷம்" என்றாள் வெரிட்சா.

"ரெண்டு நிமிஷம் போதுமே, எனக்குக் கழுத்து பிடிச்சுக்க." பின்னால் இருந்த கம்பளித் தொப்பிக்காரர் ஒப்ரென் எழுந்து வந்து கண்ணாடியை இழுத்துச் சாத்தினார்.

எங்கள் செர்பியாவில் ஆட்கள் போருக்குக்கூடப் பயப்பட மாட்டார்கள். ஜன்னல் காற்றுக்குப் பயப்படுவார்கள். பல்வலியிலிருந்து பக்கவாதம் வரைக்கும் எது வந்தாலும் பழி அந்தக் காற்றின் தலையில்தான் விழும்.

பக்கத்து சீட்டில் இருந்த தேசங்கா ஆதரவாகப் பேசுவது போலத்தான் ஆரம்பித்தாள். "இந்தக் காத்து பட்டா கர்ப்பப்பை கெட்டுடும் வெரிட்சா. பொம்பளைக்கு இதுகூடத் தெரிய வேணாமா?"

"அது ரிட்டையர் ஆகத்தான் இந்தப் பாடு படுத்துதுக்கா."

தேசங்காவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

வெரிட்சாவுக்கு நாற்பத்தெட்டு வயது. கொஞ்ச காலமாகவே இப்படித்தான். திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் கிளம்பி முகத்தில் ஏறும். இதயம் படபடக்கும். ராத்திரி தூக்கம் வராது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி, நினைத்தபோது வரும். இதய நோய்தான் என்று முடிவு கட்டி, உயில் எழுதாத குறையாக அழுதிருக்கிறாள்.

முதலில் பார்த்த டாக்டர், "நரம்புத் தளர்ச்சி" என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்துப் பார்த்த பெண் டாக்டர்தான் உட்கார வைத்துப் பேசினார். "மாதவிலக்கு நிக்கப் போறதுக்கு முன்னாடி இப்படியெல்லாம் வரும்மா. உங்களுக்குப் பைத்தியமும் இல்ல, இதயமும் நல்லாத்தான் இருக்கு. மருந்து தர்றேன், மெதுவாத்தான் கேட்கும். அனல் கிளம்பினா காத்து படுற இடமாப் பார்த்து உட்காருங்க."

காற்று படுகிற இடமாம். இந்த பஸ்ஸில் வந்து பார்த்திருந்தால் அந்த அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

போன வாரம் இதே சண்டையில் தாங்க முடியாமல் பாதி வழியில் இறங்கிவிட்டாள். நீஷில் அவள் வேலை பார்க்கிற செருப்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. "இன்னொரு தடவை லேட்டா வந்தா, அப்படியே வீட்டுலயே இருந்துக்கோ" என்றார் முதலாளி.

இப்போது மறுபடியும் அனல் கிளம்பியது. கண்ணாடியைத் தள்ளினாள்.

"ஒரு தடவை சொன்னா உறைக்காதா?" என்று கத்தினார் ஒப்ரென். "டிரைவர், இந்தப் பொம்பளையை முதல்ல இறக்கி விடுங்க."

"காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கும். மூஞ்சி எப்படிச் சிவந்திருக்கு பாரு" என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

வெரிட்சா எழுந்து நின்றாள்.

"எனக்கு மாதவிலக்கு நிக்கப் போகுது. அதனால உடம்பு பத்தி எரியுது. உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் இது வந்திருக்கும். நீங்க நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டீங்க. போதுமா?"

சிரித்த நாலு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"சீ, ஆம்பளைங்க இருக்கிற இடத்துல பேசுற பேச்சா இது?" என்றாள் தேசங்கா. அவளுக்கு அறுபது வயது. இதையெல்லாம் தாண்டி வந்தவள்தான். கேட்டவர்களுக்கு ஆத்திரம் வருமா, வராதா?

டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். இந்தத் தடத்துக்குப் புதியவர், அன்றுதான் முதல் நாள். கடுகடுத்த முகம்.

"இந்தாம்மா, நீங்க அங்க இருக்கிற வரைக்கும் நான் வண்டி ஓட்ட முடியாது. பையை எடுத்துக்கிட்டு முன்னாடி வாங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்று கை தட்டினார் ஒப்ரென்.

வெரிட்சா கோட்டையும் பையையும் அள்ளிக்கொண்டு நடந்தாள். வெளியே மலையும் பனியும்தான், ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை. இனி அடுத்த பஸ், அப்புறம் முதலாளி, அப்புறம் வேலை கிடையாது. கதவு திறக்கட்டும் என்று படியருகே நின்றாள்.

கதவு திறக்கவில்லை. டிரைவர் தன் பக்கத்திலிருந்த மடக்கு சீட்டைக் காட்டினார். "உட்காருங்க. என் கண்ணு முன்னாடியே இருங்க."

பிறகு பின்பக்கம் திரும்பி, "யார்கிட்டயாவது ஒரு சிகரெட் இருக்குமா?" என்றார்.

ஒப்ரெனே ஓடி வந்து நீட்டினார். "தாராளமா. நெருப்பு?"

"இருக்கு."

டிரைவர் சிகரெட்டை உதட்டில் வைத்தார். தன் பக்கத்து ஜன்னலை முழுசாக இறக்கினார். வண்டியைக் கிளப்பினார்.

பனிக்காற்று வாரி அடித்தது. வெரிட்சாவின் முகத்தைக் குளிர்வித்துவிட்டு, கடைசி வரிசை வரைக்கும் போனது. அவளுக்குப் படபடப்பு மெல்ல அடங்கியது.

தேசங்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பாவம், வண்டி ஓட்டுற ஆம்பளை. ஒரு சிகரெட்கூட இல்லாம எப்படி?"

"பின்னே" என்றார் ஒப்ரென், தொப்பியைக் காது வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு. "ஜன்னலைச் சாத்திக்கிட்டா பிடிக்க முடியும்?"

யாருக்கும் கழுத்து பிடிக்கவில்லை. யாருக்கும் கர்ப்பப்பை கெடவில்லை. ஊர் வரும் வரை ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நீஷில் எல்லாரும் இறங்கினார்கள். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. கடைசியாக எழுந்த வெரிட்சா, டிரைவர் உதட்டிலிருந்த சிகரெட்டைப் பார்த்தாள். அது கொடுத்தபடியே முழுசாக இருந்தது.

"இதை நீங்க பத்த வைக்கவே இல்லையே?"

"எனக்கு அந்த வாடையே ஆகாதும்மா. உங்களுக்கு வேர்க்குதுன்னு சொன்னா யாரு ஜன்னலைத் திறக்க விடுறாங்க?" என்றார் அவர். "நாளைக்கும் இந்த சீட்டுலயே உட்காருங்க. ஒரு பாக்கெட் வாங்கி வச்சுடறேன்."