பத்துக்கு ரெண்டு

சன்னல் வெயில் லால் பாஷாவின் கட்டுப்போட்ட கையில் விழுகிறது. நேற்று பிரஸ் மெஷினில் நசுங்கிய கை. "வலி பத்துக்கு எவ்ளோ பாய்?" காலையிலிருந்து நின்று மரத்துப்போன காலை மாற்றி ஊன்றிக் கேட்கிறாள் நர்ஸ் சுப்ரியா. "ரெண்டு" என்கிறார், பக்கத்தில் நிற்கும் கம்பெனி சூப்பர்வைசரைப் பார்த்தபடி. மறு கை போர்வையைப் பிசைகிறது. இந்த வாரத்தில் அந்தக் கம்பெனி ஆட்களிடம் அவள் கேட்கும் நாலாவது 'ரெண்டு' இது. சூப்பர்வைசரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்கிறாள். "ஒம்போதும்மா. ஆனா சீட்டுல ரெண்டுன்னே எழுது. காண்ட்ராக்ட் வேலை, வேற ஆள எடுத்துருவாங்க." "ஒம்போதுன்னு எழுதினாத்தான் பாய் ஊசி போட முடியும்." வராந்தாவில் சூப்பர்வைசரின் சேஃப்டி ஷூ சத்தம் திரும்பி வருகிறது. "அப்ப மாத்திரையே குடும்மா."